பி.எஃப் ஸ்லிப்பைத் தேடிப் போன கதை

ஜூலையில் மூன்று வாரம் சென்னையில் இருந்தோம். பல் மருத்துவர், கண்ணாடிக் கடை, வங்கி எல்லாம் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தன. வங்கியில் டோக்கன் வாங்கி உட்காருவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். இழுத்தடித்தது ஒன்றே ஒன்றுதான்: 2017-இல் விட்டுப்போன வேலையின் பி.எஃப் கணக்கு.

நான் வேலை பார்த்த நிறுவனம், பி.எஃப் பணத்தை அரசு பி.எஃப் அலுவலகத்தில் கட்டாமல் தன் சொந்த அறக்கட்டளையில் வைத்து நிர்வகிக்கும் 'விலக்கு பெற்ற' வகை. யு.ஏ.என் எனும் பி.எஃப் உறுப்பினர் எண்ணைத் தட்டி இணையத்தில் பாஸ்புக் பார்க்க முடியாது. நிறுவனத்திடம் கேட்டுக்கொள் என்று வரும். இப்படிப்பட்ட அறக்கட்டளை, நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், ஒவ்வொருவருக்கும் கணக்கு விவரத்தை, அதாவது ஸ்லிப்பை, இலவசமாகத் தர வேண்டும். விலக்குக்கான நிபந்தனைகளில் அதுவும் ஒன்று. எனக்கு ஒரு தாள்கூட வந்து சேரவில்லை. மின்னஞ்சல் போட்டால் 'கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்ற தானியங்கிப் பதில் மட்டும் தவறாமல் வரும்.

நியூ ஜெர்சியில் வேறு மாதிரிப் பழகிவிட்டேன். 401கே எனும் அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்பைப் போல முதலீட்டை நாமே தேர்ந்தெடுக்கும் திட்டமென்றால், காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் கணக்கு அறிக்கை வந்தாக வேண்டும். டிசம்பர்க் கணக்குக்குக் கெடு பிப்ரவரி 14. காதலர் தினத்துக்கு உங்களுக்கு வரும் ஒரே கடிதம் அதுதான் என்பாள் என் மனைவி. எழுதிக் கேட்டும் 30 நாளுக்குள் தராவிட்டால் நாளொன்றுக்கு 110 டாலர் வரை நீதிமன்றம் தண்டம் போடலாம். நம் ஊரில், அறக்கட்டளை இல்லாத சாதாரண பி.எஃப் உறுப்பினருக்கு 1952-ஆம் ஆண்டுத் திட்டம் சொல்வது 'கூடிய விரைவில்' என்பதுதான். நாள் கணக்கு கிடையாது. ஆனால் வந்த கணக்கில் பிழை இருந்தால் உறுப்பினர் ஆறு மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டுமாம்! கெடு நமக்கு மட்டும்.

கடைசியில் ராஜீவ் காந்தி சாலையில் இருக்கும் நிறுவன அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். பழைய ஊழியர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றார் காவலர். வெயிலில் அரை மணி நேரம் நின்றதைப் பார்த்து அவரே மனமிரங்கி உள்ளே பேச, அறக்கட்டளைப் பிரிவிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தார்.

"மெயில் போட்டிருக்கலாமே சார்."

"நான்கு முறை போட்டேன், மேடம்."

அவர் சிரித்துக்கொண்டே போய், கணக்கு முழுவதையும் அச்செடுத்து வந்தார். ஓய்வூதியப் பத்தியில் மாதாமாதம் 541 ரூபாய். 2014 செப்டம்பரில் அது 1,250 ஆகிறது. ஓய்வூதியப் பங்கைக் கணக்கிடும் சம்பள உச்சவரம்பு 6,500-இலிருந்து 15,000 ஆன மாதம் அது. விரலை வைத்துக் கீழே இறங்கினேன். 2020-க்குப் பிறகு வட்டிப் பத்தி காலி.

"வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுகிறேன் என்று படிவத்தில் நீங்கள்தான் டிக் செய்திருக்கிறீர்கள் சார்."

அப்படிக் குடியேறியவர் 36 மாதத்துக்குள் பணத்தைக் கேட்காவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும், வட்டியும் நின்றுபோகும். நான் போனதோ மூன்றாண்டு விசாவில். நிரந்தரம் என்று எந்த மடையன் எழுதினான்? கையெழுத்து என்னுடையதுதான். 2021-இல் ஒரே ஒரு ஸ்லிப் கைக்கு வந்திருந்தாலும் அன்றே பணத்தை எடுத்திருப்பேன்.

பணத்தை எடுப்பதற்கான படிவம் 19-ஐ அங்கேயே நிரப்பிக் கொடுத்தேன். பி.எஃப்-இல் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் என்ற வழக்கமான தமிழ்நாட்டுச் சிக்கலுக்கு இன்னொரு படிவம். கிளம்பும்போது மனம் பொறுக்காமல் கேட்டுவிட்டேன், ஏன் ஓராண்டுகூட ஸ்லிப் அனுப்பவில்லை என்று.

"எல்லா வருஷமும் அனுப்பியிருக்கிறோமே சார்," என்று தாளின் தலைப்பைக் காட்டினார். என் பெயருக்குக் கீழே வேளச்சேரியில் நான் குடியிருந்த வாடகை வீட்டின் முகவரி.

மறுநாள் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். அந்த வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம் நிற்கிறது.