தொழு உரம், பசுந்தாள், அறுவடைத் தாள், உயிர்க்கரி: மண்ணில் எது நிற்கும், எது உழைக்கும்?

மண்ணின் அங்ககப் பொருளை, அதாவது தாவர, விலங்குக் கழிவுகள் மட்கி மண்ணில் சேரும் பகுதியை, உயர்த்த நான்கு வழிகள் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன: மட்கிய தொழு உரம் இடுவது, பசுந்தாள் பயிரை வளர்த்து மடக்கி உழுவது, அறுவடைக்குப் பின் எஞ்சும் வைக்கோல் போன்ற தாளை வயலிலேயே விடுவது, உயிர்க்கரி (தாவரப் பொருளைக் காற்றோட்டமின்றிச் சூடாக்கிப் பெறும் கரி) சேர்ப்பது. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்ற கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். இட்டதில் எவ்வளவு மண்ணில் நிற்கிறது, நிற்காமல் போகும் பகுதி போகிற வழியில் என்ன வேலை செய்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்காவிட்டால் அந்த ஒப்பீடு உழவருக்குப் பயன்படாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல் 15 செ.மீ. மண் ஏறத்தாழ 2,000 டன் எடையுள்ளது. ஆகவே அங்ககப் பொருளில் 1 சதவீதம் என்பது 20 டன். புதிதாக மண்ணில் சேரும் தாவரக் கழிவிலுள்ள கரிமத்தில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஓராண்டுக்குள் நுண்ணுயிர்களின் சுவாசத்தால் கரியமில வாயுவாக வெளியேறிவிடுவதால், ஓரிரு பருவங்களில் 1 சதவீதம் ஏற்றிவிடலாம் என்று சொல்பவர் யாராயினும் அவரை நம்ப வேண்டியதில்லை. அதே வேளையில், வெளியேறும் பகுதியை வீண் என்று கருதுவதும் பிழை. அந்தச் சிதைவின்போதுதான் தழைச்சத்தும் மணிச்சத்தும் கந்தகமும் பயிருக்குக் கிடைக்கும் வடிவுக்கு வருகின்றன. நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும் பூஞ்சை இழைகளும் மண்துகள்களைப் பிணைத்துக் கட்டிகளாக்குகின்றன. அங்ககப் பொருள் நிறைந்த நிலத்தின் உலர்ந்த மண்கட்டி ஒன்றையும், அதே வகை மண்ணுள்ள, அங்ககப் பொருள் குறைந்த நிலத்தின் உலர்ந்த கட்டி ஒன்றையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் நீரில் மெல்ல இறக்கிப் பாருங்கள். இரண்டாவது கட்டி குமிழ்விட்டு, சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்து நீரைக் கலக்கிவிடும். முதலாவது வடிவம் குலையாமல் நெடுநேரம் இருக்கும். மழைத்துளி விழும்போது வயலின் மேற்பரப்பிலும் இதேதான் நடக்கிறது: உதிர்ந்த மண் துளைகளை அடைத்துப் பொருக்குத் தட்டி, நீரை உள்ளே விடாமல் ஓட விடுகிறது.

நிலைத்து நிற்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால், உயிர்க்கரியைத் தனியே வைத்துப் பார்க்கும்போது, எஞ்சியவற்றுள் தொழு உரத்துக்கு ஈடில்லை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1852 முதல் 1871 வரை ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் பெற்ற பார்லி வயல் ஒன்று உண்டு. அதன்பின் அதற்கு உரமே இடப்படவில்லை; ஆயினும் நூறாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும், எருவே காணாத பக்கத்து வயலைவிட அதன் மண்ணில் அங்ககப் பொருள் கூடுதலாகவே இருந்தது. அதே பண்ணையில் 1843 முதல் ஆண்டுதோறும் எரு பெற்றுவரும் கோதுமை வயலில் முதற்சில பத்தாண்டுகளில் கரிமம் வேகமாக ஏறி, பிறகு ஏற்றம் மெதுவானது. கால்நடையின் வயிற்றிலும் எருக்குழியிலும் எளிதில் சிதைவன முன்பே சிதைந்துவிடுவதால், எருவில் எஞ்சியிருப்பது இயல்பாகவே மெதுவாகக் கரையும் பகுதியாக இருப்பது இந்த நீடிப்புக்கு ஒரு காரணம்.

தொழு உரத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. சுமார் 0.5 சதவீதம் தழைச்சத்துள்ள எருவை 10 டன் இட்டால் கிடைப்பது 50 கிலோ. அதிலும் ஒரு பகுதியே முதற்பருவத்தில் பயிருக்கு எட்டும். மட்காத பச்சை எரு களை விதைகளையும் வேர்ப்புழுக்களையும் சுமந்து வரும். திறந்தவெளியில் குவித்த எருவின் தழைச்சத்து வெயிலில் அம்மோனியாவாகப் பறந்தும் மழையில் கரைந்தும் போகும். சூடு முற்றிலும் தணிந்து, மூலப்பொருள் அடையாளம் தெரியாமல் உதிர்ந்து, சாண நாற்றம் போய் மண்வாசனை வந்த பிறகே அது வயலுக்கு ஏற்றது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, எருவிலுள்ள கரிமம் வேறொரு நிலத்தில் விளைந்த தீவனத்திலிருந்து வந்தது என்பதாகும். ஒரு வயலைச் செழிக்க வைக்க இன்னொரு வயலை வெறுமையாக்குகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பசுந்தாள் இதற்கு நேர்மாறானது. சணப்பையோ தக்கைப்பூண்டையோ பூக்கும் தறுவாயில், சுமார் 45 நாளில், மடக்கி உழுதால் அது சில வாரங்களிலேயே சிதைந்து, வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்தை அடுத்த பயிருக்குத் தருகிறது. சிதைவு வேகமாக நடப்பதால் நிலையான மட்காக மாறும் பங்கு குறைவு. நாள் தள்ளினால் தண்டு நாரேறிச் சிதைவு தாமதமாகும். பசுந்தாளைச் சேமிப்பாகக் கருதாமல், மண்ணுயிர்களுக்கு இடும் உணவாகக் கருதினால் ஏமாற்றம் இராது. நீர் தட்டுப்பாடான நிலத்தில் அடுத்த பயிருக்கான ஈரத்தையும் அது குடித்துவிடும் என்பதால், அங்கே தயங்கித்தான் பரிந்துரைப்பேன்.

இந்த நான்கில் உரிய மதிப்புக் கிடைக்காதது அறுவடைத் தாள்தான். தானியத் தாளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 முதல் 100 பங்கு கரிமம் இருக்கிறது; நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 25 பங்குக்குள் இருந்தால்தான் வெளியிலிருந்து தழைச்சத்து தேவைப்படாது. எனவே தாளை உழுத கையோடு விதைத்தால், நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, இளம்பயிர் அடியிலைகளிலிருந்து மஞ்சளாகும். இதைக் கண்டு பலர் தாளையே கைவிடுகிறார்கள். விதைப்புக்குச் சில வாரங்கள் முன்னதாக உழுவதோ, உழாமல் மூடாக்காகப் பரப்புவதோ, தொடக்கத்தில் சிறிது தழைச்சத்து கூட்டுவதோ இதைத் தீர்த்துவிடும். நீர் தேங்கும் நெல்வயலில் மட்டும், நீர் கட்டுவதற்குச் சற்று முன்பு தாளை உழுதால் மீத்தேன் வெளியீடு கூடும் என்பதால் முன்கூட்டியே உழ வேண்டும். எரித்தாலோ கரிமம் ஏறத்தாழ முழுவதும், தழைச்சத்தில் பெரும்பகுதியும் புகையோடு போய்விடும். சாம்பல்சத்து போன்றவை மட்டும் ஓரளவு மிஞ்சும். வேறெங்கிருந்தும் கொண்டுவர வேண்டாத, அந்த நிலத்திலேயே விளைந்த பொருளை இப்படி இழப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உயிர்க்கரி வேறு இனம். காற்றோட்டமின்றிச் சூடாக்கிய தாவரப் பொருள் நூற்றாண்டுகள் சிதையாமல் இருக்கும். அமேசான் காடுகளில் பழங்குடிகள் உருவாக்கிய கருமண்ணில் அந்தக் கரி இன்றும் காணப்படுகிறது. ஆனால் சிதையாத பொருள் எந்த உயிருக்கும் உணவாகாது. அமிலத்தன்மையுள்ள மணற்பாங்கான மண்ணில் இது புளிப்பைக் குறைத்துச் சத்துகளைப் பிடித்துவைக்கும். ஏற்கெனவே காரத்தன்மை மிகுந்த மண்ணில் இட்டால் தீமையே நேரலாம். எருவோடு கலந்து இடும் துணைப்பொருளாகவே இதை ஏற்கிறேன்.

உழவைக் குறைப்பதையும் சிலர் ஐந்தாவது வழியாகச் சொல்கிறார்கள். அரிப்பைத் தடுப்பதில் அதற்கு நிகரில்லை. கரிமக் கணக்கில், மேல் சில செ.மீ. மட்டும் அளக்கும்போது தெரியும் ஆதாயம் ஆழமாக அளக்கும்போது சுருங்கிவிடுவதுண்டு.

வரிசைப்படுத்தச் சொன்னால், தாளை வெளியேற்றாமல் இருப்பதை முதலிலும், நீர் இருக்குமிடத்தில் பசுந்தாளை அடுத்தும் வைப்பேன். கிடைக்கும் எருவை எல்லா வயலுக்கும் தூவாமல், மிகவும் மெலிந்த வயலுக்கே கொடுப்பேன். பலனைச் சரிபார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மண் பரிசோதனை அறிக்கை தருவது பெரும்பாலும் அங்ககக் கரிம அளவு. அதை 1.724 ஆல் பெருக்கினால்தான் அங்ககப் பொருள் கிடைக்கும், 0.5 சதவீதக் கரிமம் என்பது ஏறத்தாழ 0.86 சதவீத அங்ககப் பொருள். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில், ஒரே பருவத்தில் மாதிரி எடுக்காவிட்டால், அறிக்கையில் தெரியும் ஏற்ற இறக்கம் மண்ணில் நடந்த மாற்றமா, மாதிரி எடுத்த முறையில் வந்த வேறுபாடா என்பதைப் பிரித்தறிய முடியாது.