ஸ்டோரா, பவர்ஹவுஸா, ஒயில்ஃபீல்டா?

போன மாதம் அக்கா மகன் டிக்கோயாவிலிருந்து வந்திருந்தான். மெக்கானிக் வேலை படித்து, என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையில் நாலாம் மட்டம் முடித்திருக்கிறான். வயது இருபத்திரண்டு. பிளேன்டீ ஆறும் முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

“மாமா, நம்ம ஸ்டோர்ல பிட்டர் வேல காலியா இருக்காம். கொழும்பு ஏஜென்சிக்காரன் ஒருத்தன் ஓமானுக்கு ஒயில்ஃபீல்ட் ஆள் கேக்குறான். அம்மா என்னன்னா மின்சார சபைக்கு எழுதிப்போடுங்குது. நீங்க எல்லாத்தயும் பாத்தவரு. எதுக்குப் போறது?”

எல்லாவற்றையும் பார்த்தவன் என்பது மிகை. தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், ஆறு வருடம் பிட்டராக, அதாவது இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவனாக, இருந்தேன். பிறகு வளைகுடாவில் ஒரு ஒயில்ஃபீல்ட் சேவைக் கம்பனியின் வேர்க்ஷொப்பில் பதினான்கு வருடம். கடைசி ஆறு வருடம் மெயின்டனன்ஸ் சுப்பவைசர். மின்சார சபையை நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கம் வேலை செய்யும் மச்சான் ஒருவன் சொல்லித்தான் தெரியும். அந்தப் பகுதியை அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

முதலில் ஒயில்ஃபீல்ட் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் பலரும் அதை எண்ணெய் சுத்திகரிக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். சப்புகஸ்கந்தையில் 1969 முதல் நடப்பது சுத்திகரிப்பு. கிணறு தோண்டுவது வேறு உலகம். நம் நாட்டில் அது இல்லை. மன்னார் கடலில் 2011இல் கெய்ர்ன் கம்பனி துளை போட்டு எரிவாயு கண்டது, 2015இல் போய்விட்டது, இன்றுவரை ஒரு சொட்டும் எடுக்கப்படவில்லை. ஆக இந்த வேலை என்றால் விமானம் ஏறத்தான் வேண்டும். அங்கேயும் எண்ணெயின் சொந்தக்காரன் ஒருத்தன், கிணற்றில் வேலை செய்கிறவன் இன்னொருத்தன். குழாயைச் சுற்றி சிமெந்து இறக்குவது, அமிலம் பம்ப் பண்ணுவது, சுருள் குழாயை உள்ளே விட்டுச் சுத்தம் செய்வது எல்லாம் எஸ்.எல்.பி. (பழைய பெயர் ஷ்லம்பேர்ஜர்), ஹாலிபேர்ட்டன், பேக்கர் ஹியூஸ் மாதிரியான சேவைக் கம்பனிகளின் தொழில். அவர்களிடம் இருக்கும் சொத்து இயந்திரங்கள்தான். லொறிமேல் ஏற்றிய டீசல் எஞ்சின், அதன் பின்னால் கியர்பொக்ஸ், அதன் பின்னால் மூன்று பிளஞ்சர் கொண்ட உயரழுத்தப் பம்ப். அந்த லொறி வேலைக்குப் போகலாமா கூடாதா என்று கையொப்பம் போடுகிறவன்தான் மெயின்டனன்ஸ் சுப்பவைசர்.

ஸ்டோரில் வேலை பார்த்தவனுக்கு இதில் ஒரு விஷயம் உடனே பிடிபடும். கொழுந்து காத்திருக்காது. வாட்டி, ரோலரில் உருட்டிய இலை தன்பாட்டுக்குப் புளித்துக்கொண்டே போகும். அந்த நேரம் இலையைக் காயவைக்கும் டிரையர் நின்றால் அத்தனையும் நாசம். கிணற்றில் சிமெந்தும் அப்படியே. கலந்து பம்ப் பண்ணத் தொடங்கியபின் அது இறுகும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் பம்ப் நின்றால் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும். நான் முதன்முதலில் சிமெந்து வேலைக்குப் போன இரவு, நம் மலைநாட்டின் மேற்கில் ஜனவரி முதல் மார்ச் வரை வரும் தரமான தேயிலைக் காலத்தில் ஸ்டோர்க்காரர்கள் படும் அதே பதற்றத்தைப் பார்த்தேன். அந்த ஒற்றுமை என்னைக் கொஞ்ச நாள் ஏமாற்றியது. இரண்டும் ஒரே வேலை, சம்பளம்தான் வேறு என்று நினைத்துவிட்டேன்.

ஸ்டோரில் நான் கற்ற பெரிய வித்தை, ஓடவைப்பது. பெயாரிங் கொழும்பிலிருந்து வர நான்கு நாளாகும். அதுவரை ஹட்டன் லேத் கடையில் ஒரு புஷ் கடைந்து போட்டு ரோலரைச் சுற்றவைப்போம். சங்கிலி அறுந்தால் பழைய டிரையரிலிருந்து ரெண்டு கண்ணியைக் கழற்றிக் கோர்ப்போம். பெல்ட்டின் சத்தத்தை வைத்தே எது தேய்கிறது என்று சொல்கிற ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் எனக்குக் குரு. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. டிரையருக்குச் சூடு தரும் சூளையின் குழாயில் ஊசித் துவாரம் விழுந்தால் புகை சூடான காற்றோடு கலந்து தேயிலையில் ஏறிவிடும், ஏலத்தில் விலை விழும். அவர் தூளை ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, எந்த வரிசைக் குழாய் என்றே சொல்வார். தொரை, அதாவது தோட்ட மேனேஜர், வந்து தோளில் தட்டிவிட்டுப் போவார். சம்பளத்தில் அந்தத் தட்டு தெரியாது.

இந்த வித்தையோடுதான் பாலைவனத்தில் இறங்கினேன். மூன்றாம் வாரம் ஒரு பம்பில் பாக்கிங், அதாவது கசிவைத் தடுக்கும் அடைப்பு, கசிந்தது. சரியான பாக்கிங் கைவசம் இல்லை. வேறு அளவு ஒன்றை வெட்டிப் போட்டு நிறுத்திவிட்டேன். ஒரு சொட்டு கசியவில்லை. மெச்சுவார்கள் என்று நின்றிருந்தேன். சுப்பவைசர் எகிப்துக்காரர்; லொறியில் ‘ஓடக்கூடாது’ என்ற சிவப்பு அட்டை தொங்கவிட்டு, என்னை உட்காரவைத்து நாலு பக்கம் எழுதவைத்தார். எதற்காக மாற்றினாய், யாரைக் கேட்டாய், எந்தப் பகுதி எண், யார் சோதித்தது. அன்று வந்த கோபத்தில் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றிருந்தது.

அவர் செய்தது சரி என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. புரியவைத்தது ஒரு குழாய் மூட்டு. உயரழுத்தக் குழாய்களைச் சுத்தியலால் அடித்து இறுக்கும் மூட்டுகளால் இணைப்பார்கள். ஹேமர் யூனியன் என்று பெயர். அதில் 602 என்றால் 6,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) அழுத்தம் தாங்கும், 1502 என்றால் 15,000. இரண்டு அங்குல அளவில் இந்த இரண்டுக்கும் மரை ஏறக்குறைய ஒன்றுதான், விட்டம் மட்டும் சற்று வேறு. 1502இன் நட் 602இன் மரையில் ஏறும், இறுகும், பார்க்க அச்சொட்டாகப் பொருந்தியது போலவே இருக்கும். பற்கள் முழுதாகப் பிடித்திருக்காது. அழுத்தம் ஏறும்வரை தாங்கி, பிறகு ஒரே நொடியில் தெறிக்கும். இப்படி உலகம் முழுக்க ஆட்கள் செத்திருக்கிறார்கள். கார் டயரில் இருப்பது சுமார் 30 பி.எஸ்.ஐ.; 15,000 என்றால் அதைப்போல் ஐந்நூறு மடங்கு. அதனால்தான் ஒவ்வொரு மூட்டையும் அளவு வளையம் போட்டுப் பார்ப்பது, வருடாவருடம் சோதித்து நிறப் பட்டை கட்டுவது, பட்டை இல்லாததைக் களத்துக்கு அனுப்பாமல் வைப்பது. ‘பொருந்துது, போடு’ என்ற ஸ்டோர் புத்தி அங்கே கொலைகாரப் புத்தி.

மருமகனுக்கு நான் சொன்னதில் முக்கியமானது இதுதான். இயந்திரத்தைத் தொட்டுப் பழகுவதில் சந்தோஷப்படுகிறவனா, ஒழுங்கைக் காப்பதில் சந்தோஷப்படுகிறவனா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒயில்ஃபீல்டில் சுப்பவைசர் ஆனபின் நான் ஸ்பேனர் பிடித்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். விடியற்காலை ஐந்தரைக்குக் கூட்டம், எந்த லொறி எந்த வேலைக்கு என்ற பலகை, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து சேர்விஸ் தேதி, ஒயில் மாதிரி சோதனைக்கு அனுப்புவது, உதிரிப்பாகம் வந்ததா என்று ஸ்டோர்கீப்பரோடு சண்டை (இந்த ஸ்டோர் வேறு ஸ்டோர்), பழுதானதற்குக் காரணம் எழுதுவது. கீழே பன்னிரண்டு மெக்கானிக்குகள். கேரளம், பஞ்சாப், பெஷாவர், மணிலா. தமிழ் அதிகம் உதவாது, சிங்களமும் உதவாது. ஹிந்தியில் திட்டவும் ஆங்கிலத்தில் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். நல்ல கைகாரர்கள் பலர் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத வராததால் மெக்கானிக்காகவே நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். நம் தோட்டத்துப் பையன்களுக்கு இந்த இடத்தில்தான் கால் இடறுகிறது.

ஆனால் ஒன்று. களத்தில் வாடிக்கையாளர் நின்று கத்தினாலும், மேனேஜர் கெஞ்சினாலும், ‘இந்த லொறி போகாது’ என்று சொல்லும் உரிமை எழுத்தில் இருக்கிறது. நான் பதினேழு தடவை சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவை பகைத்துக்கொண்டார்கள், வேலையிலிருந்து யாரும் தூக்கவில்லை. ஸ்டோரில் பிட்டர் ஒருத்தன் தொரையிடம் அப்படிச் சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு வந்ததை நான் கண்டதில்லை.

சம்பளத்துக்கு வருவோம், அவன் உண்மையில் கேட்டது அதைத்தான். தோட்டத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் கிடைக்க 2021வரை போராட வேண்டியிருந்தது. பிட்டர் அதைவிட மேலே, ஆனால் அதே ஏணியின் அடுத்த படி, அவ்வளவுதான். ஈ.பி.எஃப்.இல் (ஊழியர் சேமலாப நிதி) நம் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12, மேலே முதலாளி போடும் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3. அது நிம்மதி. வெளிநாட்டில் டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டபோது, ஊரில் எல்லோரும் பெற்றோல் வரிசையில் நிற்க, என் சம்பளம் நான் தும்மாமலே கிட்டத்தட்ட இரட்டிப்பானது. அப்போது வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த டொலருக்குப் பின்னால் ஒரு கத்தி தொங்குகிறது. 2014 நடுவில் பீப்பாய் நூறு டொலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழ் போனது. எங்கள் வேர்க்ஷொப்பில் நாற்பது பேரில் பதினெட்டுப் பேர் மிஞ்சினோம். 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்க எண்ணெய் விலை பூச்சியத்துக்கும் கீழே, மைனஸ் 37.63 டொலருக்கு இறங்கியது. அந்த வருடம் ஷ்லம்பேர்ஜர் மட்டும் 21,000க்கு மேற்பட்ட வேலைகளைக் குறைத்தது. லொறிகளை வரிசையாக நிறுத்திவைத்துவிட்டு, ஓடுகிற லொறிக்குத் தேவையானதை நிற்கிற லொறியிலிருந்து கழற்று என்பார்கள். ஸ்டோர் புத்தி கடைசியில் அங்கேயும் வந்துவிடும், இந்த முறை படிவத்தோடு.

தேயிலைக்கு விலை விழுந்தாலும் செடி துளிர்க்கும், ஸ்டோர் ஓடும். இந்த ஒன்றில் ஸ்டோருக்குத்தான் என் புள்ளி.

மின்சார சபையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிடைத்தால் போய்விடு என்பதுதான் என் கருத்து, அக்கா சொல்வதும் அதுவே. சபையின் பவர்ஹவுஸ்கள், அதாவது நீர்மின் நிலையங்கள், நம் பக்கத்திலேயே இருக்கின்றன: பழைய லக்சபான 1950இல் இருந்து ஓடுகிறது, விமலசுரேந்திர 1965, தலவாக்கலையில் மேல் கொத்மலை 2012. எழுபது வருட இயந்திரத்தை முறையாகக் கழற்றிப் பூட்டிப் பழகும் பட்டறை நம் வீட்டு வாசலில் இருக்கிறது. ஒயில்ஃபீல்டின் ஒழுங்கும் உண்டு, மாலையில் வீட்டுக்கும் வரலாம். வேலை நடக்கும்போது யாரும் இயந்திரத்தை ஓடவிடாதபடி தாள்ப்பூட்டு, பெயர் அட்டை, அனுமதிச் சீட்டு என்று மச்சான் சொன்னபோது, நான் பாலைவனத்தில் கற்றதை அவன் மாவுஸ்ஸாக்கலை குளிரிலேயே கற்றுவிட்டானே என்று பொறாமையாக இருந்தது. சிக்கல், ஆள் எடுக்கும் அறிவித்தல் வருவதும், வந்தபின் நேர்முகத்துக்குக் கூப்பிடுவதும் எப்போது என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். இருபத்திரண்டு வயதில் அதை நம்பிச் சும்மா உட்கார முடியாது.

உடம்பைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். ஹட்டன் பனியில் வளர்ந்தவனுக்கு ஐம்பது பாகை வெயில் முதல் கோடையில் நரகம், இரண்டாம் கோடையில் பழக்கம். கிணற்றுப் பக்கம் ஐதரசன் சல்பைட் வாயு இருக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் வரும், ஆனால் காற்றில் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவில் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதிப்படுகிறவன் விழுந்துவிடுவான். அதனால் மூக்கை நம்பாதே, சட்டையில் மாட்டிய கருவியை நம்பு. இதையெல்லாம்விட அதிகம் ஆளைக் கொல்வது வீதி. அமெரிக்க எண்ணெய்த் தொழிலாளர் சாவுகளில் முதல் காரணமே வாகன விபத்துத்தான். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் ஓட்டுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நேராகக் கிடக்கும் பாதையில் தூக்கம் வரும்.

வீட்டைப் பற்றி ஒரு வரி போதும். முதல் எட்டு வருடம் பதினொரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. சுப்பவைசர் ஆனபின் எட்டு வாரம் வேலை, நாலு வாரம் லீவு. என் மகள் நடந்ததை நான் போனில் கேட்டேன்.

அவனுக்கு நான் சொன்ன வழி இது. இப்போது ஸ்டோரில் சேர், இரண்டு வருடம். கையில் பழக்கம் வர அதைவிட நல்ல இடம் இல்லை. அதோடு மாலையில் ஆங்கிலம் எழுதப் பழகு. பழுது வந்த ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பத்து வரி எழுதி எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பு. என்.வி.கியூ. ஐந்து, ஆறு என்று டிப்ளோமாவரை ஏறு. மின்சார சபை கூப்பிட்டால் கேள்வி கேட்காமல் போ. கூப்பிடாவிட்டால் இருபத்தைந்தில் ஒயில்ஃபீல்ட். ஹெல்ப்பராக இல்லை, டீசல் மெக்கானிக்காக. முப்பத்தைந்துக்குள் சுப்பவைசர் ஆகவில்லை என்றால் திரும்பி வந்துவிடு.

ஏஜென்சி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். என்னை அனுப்பிய ஆள் மெக்கானிக் என்று சொல்லிக் காசு வாங்கி, விசாவில் லேபர் என்று போட்டிருந்தான். எனக்கு அரபு வாசிக்கத் தெரியாது, இறங்கியபின்தான் தெரிந்தது. பதவியை மாற்ற இரண்டு வருடம் போனது. அதனால் முதலில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கிறதா, இந்த வேலைக்கே அனுமதி வாங்கியிருக்கிறானா என்று பார். பிறகு விசாவில் உள்ள தொழிலின் பெயரை அரபு தெரிந்த ஒருவரிடம் காட்டு. அதுவரை பாஸ்போர்ட்டைக் கொடுக்காதே.

“அப்ப திங்கக்கெழம தொரையப் போய்ப் பாக்குறேன் மாமா,” என்றான். ஏஜென்சிக்காரன் கொடுத்த தாளை மட்டும் மேசையில் விட்டுவிட்டுப் போனான். மறந்து விட்டானா, வேண்டுமென்றே விட்டானா என்று அக்காதான் கேட்டுச் சொல்ல வேண்டும்.