இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையும் சிறுநீர்க் குழாயும்: ஒரு நோயாளியின் மதிப்பீடு

மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் கடந்த தை மாதம் எனக்கு வலது இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. எனக்கு வயது 69. அறுவை செய்த மருத்துவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை; மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்தேன், கட்டணமும் முன்கூட்டிச் சொன்னதைத் தாண்டவில்லை. ஆனாலும் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் மட்டுமே தருகிறேன். காரணம், சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் செருகிய சிறுநீர்க் குழாய் (கத்தீட்டர்).

முதுகுத் தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் அறுவை நடந்தது. அந்த மருந்தின் வேகம் இருக்கும் வரை சிறுநீர்ப்பை நிறைவதே தெரியாது என்பதால் குழாய் போட்டது தவறன்று. மரத்துப்போன பிறகே போட்டதால் வலியும் தெரியவில்லை. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். அதனால் ஓரிரு நாட்களில் எடுத்துவிடுவதே வழக்கம். எனக்கோ மூன்றாம் நாள் மாலை என் மனைவி போய்க் கேட்ட பிறகுதான் எடுத்தார்கள். இதற்கிடையே, நடைப் பயிற்சிக்கு என்னை எழுப்பிய ஊழியர் சிறுநீர் சேரும் பையைத் தூக்கி என் வயிற்றருகே மெத்தையில் வைத்தார். பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும்.

மாலை 5 மணிக்குக் குழாயை எடுத்தார்கள். இரவு 11 மணி ஆகியும் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. அடிவயிறு கல்லாக இறுகி, நெற்றியில் வியர்த்துக் கொட்டியது. சிறுநீர் வழியை நெருக்கும் பிராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்காக நான் நான்கு ஆண்டுகளாகச் சாப்பிட்டுவரும் தாம்சுலோசின் மாத்திரையை, சேர்க்கும்போதே எழுதிக்கொடுத்திருந்தும், மூன்று நாட்களாகத் தரவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். பணியில் இருந்தவர் பாட்டிலை நீட்டி, படுத்தபடியே முயன்று பார்க்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்துக் கட்டில்காரரின் உறவினர்கள் நடமாடும் அறையில், ஒரு திரைக்கு இப்பால், மல்லாந்து கிடந்து சிறுநீர் கழிக்க இந்த வயதில் உடம்பு இணங்குவதில்லை.

பிறகு வந்த இளம் செவிலியருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். "ஐயா, இது உங்க தப்பு இல்லை, மருந்தும் வலி ஊசியும் செய்யுற வேலை" என்றார். திரையை முழுவதுமாக இழுத்துவிட்டு, என்னை வாக்கரில் நிற்கவைத்து, கைகழுவும் தொட்டியின் குழாயை மெல்லத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். அப்படியும் வரவில்லை. உடனே டியூட்டி டாக்டரை அழைத்து ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துப் பார்க்கச் செய்தார்: 800 மில்லி. 400 மில்லி சேர்ந்தாலே முட்டிக்கொண்டு வரும் என்றார் மருத்துவர். மரத்துப்போகும் ஜெல்லியைத் தடவி, அது வேலை செய்யச் சில நிமிடங்கள் பொறுத்திருந்து, பிறகே மீண்டும் குழாய் போட்டார்கள். மாத்திரை தொடங்கி இரண்டு நாள் கழித்து, இந்த முறை காலை 6 மணிக்கே எடுத்ததால், பகல் முழுவதும் அளவு பார்த்துக் குறித்துக்கொள்ள முடிந்தது. பத்து மணிக்குத் தானாகவே போயிற்று. என் மனைவி அழுதுவிட்டாள்.

இந்த மருத்துவமனையில் மூட்டு மாற்றிக்கொள்ளத் தயங்க வேண்டாம். ஆனால் குழாயை என்றைக்கு எடுப்பார்கள், எடுத்த பின் எத்தனை மணி நேரம் பார்ப்பார்கள், பழைய மாத்திரைகளை யார் தருவார்கள் என்பதை அறுவைக்கு முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். பிராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

வீட்டுக்குப் புறப்படும்போது தந்த அறிக்கையில் மூட்டைப் பற்றி இரண்டு பக்கங்கள் இருந்தன. குழாய் இரண்டு முறை போடப்பட்டதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் கேட்ட பிறகு, ஓரத்தில் பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்கள்.