சாணக் காஸ் கலன்: எட்டு மாதம் எரித்துப் பார்த்த பிறகு

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு கிளிநொச்சி முரசுமோட்டை வீட்டில் பைபர் டாங்கி வைத்த சாணக் காஸ் கலன் ஒன்று பூட்டினோம், இப்போது எட்டு மாதம். விற்றவரின் பெயர் வேண்டாம்.

அம்மா நாற்பது வருடமாகப் பனைமட்டையும் ஊமலும் ஊதி ஊதிச் சமைத்த மனுசி. 2022இல் காஸ் தட்டுப்பாட்டில் சிலிண்டர் வரிசையில் நின்று களைத்துத் திரும்பவும் விறகுக்கே போனோம், குசினித் தகரத்தின் உட்பக்கத்தை விரலால் வழித்தால் கரி தார் மாதிரி ஒட்டும். இப்போது விடிய எழும்பினால் இருமல் சத்தம் இல்லை (மழை தொடங்கினால் கொஞ்சம் வரும், அது வேறு கதை). மூன்று மாட்டுச் சாணம் ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோ தேறும், அதே அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றினால் ஓர் அடுப்பு இரண்டு மணித்தியாலம் எரியும். சோறு, ஒரு கறி, பின்னேரத் தேத்தண்ணி. புட்டு அவிக்கிற நாள் இழுபறிதான். மிஞ்சுகிற கரைசல் மிளகாய்க் கன்றுக்கு நல்ல பசளை.

இனிக் குறை. மாடு கட்டி வளர்க்கிறோமா என்றுகூட விற்றவர் கேட்கவில்லை. வன்னியில் நிறையப் பேருக்குப் பட்டி மாடுதான், அது காடும் குளக்கரையுமாய்த் திரிந்தால் சாணத்தை எங்கே போய்ப் பொறுக்குவது? எங்களுடையது கொட்டிலில் நிற்கிறபடியால் தப்பினோம்.

மூன்றாம் மாதம் நெருப்பு சோர்ந்தது. பைப் பொருத்தில் சவர்க்கார நுரை தடவினேன், மொட்டு மொட்டாய்க் குமிழ். விற்றவரை அழைத்துக் கேட்டால் "கொஞ்சம் கசியும் அண்ணை, பயமில்லை" என்கிறார். கசிகிற காஸில் பாதிக்கு மேல் மெதேன், இருபது வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிற சாமான். வெளியில் காய்கிற சாணத்திலிருந்து மெதேன் சொற்பம்தான் வரும், காற்றுப் புகாத டாங்கிக்குள் நாங்கள்தான் அதை உண்டாக்குகிறோம், எரித்தால் சரி, கசியவிட்டால் பூட்டாமலே இருந்திருக்கலாம்.

அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, அங்கே ஆராய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரணைமடுத் தண்ணீரில் விளைகிற வயலை இடைக்கிடை காயவிட்டு நீர் பாய்ச்சினால் மெதேன் குறையும், அதையும் பாருங்கள், ஆனால் முதலில் இந்த வீட்டுக் கலன்கள் எவ்வளவு கசிகின்றன என்று அளந்து சொல்லுங்கள். புகை அளக்கிற கருவியை ரோட்டோரக் கம்பத்தில் வைக்காமல், அடுப்படியில் குந்தியிருக்கிறவரின் மூக்கு உயரத்தில் வையுங்கள். எங்களுக்கு மிளகாய் பிடுங்க வருகிற அக்காவிடம் மாடும் இல்லை, கலன் வைக்கக் காணியும் இல்லை, தறப்பாள் கூரைக்குக் கீழே இன்னும் விறகுதான். அவருக்கு இந்தச் சாமானால் ஒரு பிரயோசனமும் இல்லை, விற்கிறவர்களின் துண்டுப்பிரசுரத்திலோ எல்லாரும் சிரித்துக்கொண்டு சமைக்கிறார்கள்.

ஐந்துக்கு மூன்று. பொருத்தை நானே கிளிப் போட்டு இறுக்கிவிட்டேன், கிழமைக்கு ஒருக்கால் நுரை தடவிப் பார்க்கிறேன்.