மொரிஸ் மைனரில் பாட்டு: பொசிற்றிவ் ஏர்த் காருக்குள் ஒரு சின்ன அம்ப்

மைனர் 1000க்கு என்ன செற் பூட்டலாம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதற்கான பதில் இது. பூட்டியிருப்பது ஒலியைப் பெருக்கும் புளூடூத் அம்ப் போர்ட் (டிபிஏ 3116 சிப் உள்ளது) ஒன்று, நாலு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, அவற்றுக்கு 12 மில்லிமீற்றர் பிளைவுட்டில் அடித்த மூடிய பெட்டிகள். எல்லாம் டாஷ்போர்டுக்குக் கீழேயுள்ள சாமான் தட்டிலேயே இருக்கிறது. டாஷ்போர்டில் ஒரு ஓட்டையும் போடவில்லை, கதவு அட்டையை வெட்டவும் இல்லை. நாளைக்கே கழற்றினாலும் கார் பழையபடி இருக்கும்.

பாட்டு வடிவாகக் கேட்கிறது. அதை முதலே சொல்லிவிடுகிறேன், இனி வரப்போவது பெரும்பாலும் திட்டுத்தான்.

அம்ப் வந்த பெட்டியில் 50 வாற் என்று போட்டிருப்பதை நம்பவேண்டாம். அந்த சிப் 50 வாற் தர 21 வோல்ற் வேண்டும். காரின் 12 வோல்ற்றில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 15 வாற் அளவில்தான் கிடைக்கும். மைனருக்கு அது தாராளம்.

சிக்கல் வாற்றில் இல்லை, ஏர்த்தில். மைனர் கம்பனியிலிருந்து வந்தது பொசிற்றிவ் ஏர்த்தாக. காரின் உடம்பு முழுக்க பிளஸ், வயரில் ஓடுவது மைனஸ். இந்தக் காலத்து சாமான் எல்லாம் இதற்கு நேர்மாறு: தகரக் கூடு, யூஎஸ்பி வாய், பாட்டு வயர் செருகும் ஒக்ஸ் துளையின் வெளிவளையம் எல்லாமே மைனஸ். ஆகவே அம்பின் பிளஸ் வயர் காரின் உடம்புக்கும் (அல்லது நேராக பற்றரியின் பிளஸ் முனைக்கும்), மைனஸ் வயர் பியூஸ் வழியாக பற்றரியின் மைனஸ் முனைக்கும் போகவேண்டும். பியூஸ் 5 அம்பியர், பற்றரிக்குப் பக்கத்தில், மைனஸ் வயரில். வழக்கம்போல சிவப்பு வயரில் பியூஸைப் போட்டால், கூடு உடம்பில் முட்டும் நாளில் அந்த பியூஸுக்கு ஒன்றுமே தெரியாது. பற்றரியிலிருந்து வரும் கரண்ட் அதைத் தொடாமலே சுற்றிக்கொண்டு போய்விடும்.

அம்ப் காரின் தகரத்தில் எங்கேயும் முட்டக்கூடாது. பிளைவுட் துண்டு ஒன்றில் அதைப் பூட்டி, பிளைவுட்டைத் தனி ஆணிகளால் தட்டில் பிடியுங்கள். ஒரே ஆணி இரண்டையும் ஊடுருவினால் செய்த வேலை வீண். ஸ்பீக்கர் வயர் நாலில் ஒன்றுகூட உடம்பில் படக்கூடாது. இதெல்லாம் சரியாகச் செய்தவர்களும் மாட்டுவது இரண்டு இடத்தில். ஒன்று, றேடியோ உள்ள செற்றென்றால் ஏரியல்: அதன் வெளிவலை மட்காட்டில் ஏர்த் ஆகும், அதோடு செற்றின் கூடும் ஏர்த் ஆகிவிடும். கண்ணாடியில் ஒட்டும் ஏரியலைத்தான் போடவேண்டும். மற்றது, யூஎஸ்பி வாயில் செருகி மறுமுனையைத் தொங்கவிட்ட சார்ஜ் கேபிள். அந்த முனையின் தகரம் ஹான்ட்பிரேக்கில் பட்டால் ஒரு பொறி பறக்கும், போர்டில் உள்ள மெல்லிய செம்புக் கோடு பியூஸுக்கு முந்தி எரியும். யூஎஸ்பி வாயை ரேப் போட்டு மூடிவிடுவதே மேல்.

இந்த ஏர்த் சிக்கலைத் தவிர்க்க, உள்ளே போகும் வயருக்கும் வெளியே வரும் வயருக்கும் தொடர்பில்லாத ஐசொலேற்றட் கன்வேர்ட்டர் என்று சொல்லி விற்பதை வாங்குகிறவர்கள் கடையிலேயே மல்ரி மீற்றரை வைத்துப் பாருங்கள். உள்ளே போகும் மைனஸுக்கும் வெளியே வரும் மைனஸுக்கும் இடையில் 'பீப்' அடித்தால் அது ஐசொலேற்றட் இல்லை.

காரையே நெகற்றிவ் ஏர்த்தாக மாற்றலாம்தானே என்பார்கள். மாற்றலாம். பற்றரியைத் திருப்பிப் போட்டு (பிளஸ் முனை தடிப்பு, மைனஸ் மெலிவு, பழைய கிளாம்ப் இரண்டும் பொருந்தாது), பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்று குறித்த இரண்டு முனைகளின் வயர்களை இடம் மாற்றி, பற்றரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவின் எஃப் வயரைக் கழற்றி, பற்றரியின் லைவ் முனையிலிருந்து (உடம்பில் சேராத முனை) ஒரு வயரால் எஃப் முனையை இரண்டு மூன்று தரம் தொட்டு எடுத்தால் டைனமோ புதுப் பக்கத்துக்குப் பழகிவிடும். ஸ்ராட்டருக்கும் லைற்றுக்கும் கவலையில்லை. ஆனால் எஸ்யூ கம்பனியின் பெற்றோல் பம்ப் புதிது என்றால் உள்ளே டயோட் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், இலெக்ற்றோனிக் இக்னிஷன் போட்டிருந்தால் அது செத்துப்போகும். பாட்டுக் கேட்பதற்காக மட்டும் இவ்வளவு செய்யவேண்டியதில்லை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். ஸ்பீக்கரில் கீ... என்று கேட்கும் அந்தச் சத்தம். எஞ்சின் வேகம் ஏற ஏற அதுவும் ஏறும், கியர் மாற்றும்போது இறங்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் உள்ள அமைதியில் அது மட்டும் தனிக் கச்சேரி செய்யும். முதலில் எங்கேயிருந்து வருகிறது என்று பிடிக்கவேண்டும். ஃபான் பெல்ற்றைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பெல்ற்றிலேயே தண்ணீர் பம்பும் ஓடுவதால் அதற்கு மேல் ஓடவிடவேண்டாம். சத்தம் நின்றால் டைனமோ. நிற்காமல் 'டிக்டிக்' என்று வந்தால் பிளக் பக்கம்.

டைனமோ என்றால் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கலாம். அம்புக்கு கரண்டை பியூஸ் பெட்டியின் ஏ4 முனையிலிருந்து எடுத்திருந்தால் அதை மாற்றுங்கள். வைப்பரும் பிரேக் லைற்றும் அங்கேதான் தொங்குகின்றன. பற்றரியிலிருந்தே நேராக, 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் இரண்டை முறுக்கிக் கொண்டுவந்தால் பாதிச் சத்தம் அங்கேயே போய்விடும். பிறகு எஞ்சினுக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள ஏர்த் பட்டி. லைற்றைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, எஞ்சின் புளொக்குக்கும் உடம்புக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பட்டி இற்றுவிட்டது. அதன்பின் டைனமோவின் தடித்த முனையான டி-இல் ஒரு மைக்ரோஃபரட் கண்டென்சர். எஃப் முனையில் ஒருபோதும் வேண்டாம், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரின் பொயின்ற் கருகிவிடும். பிளக் பக்கச் சத்தத்துக்கும் அதே கண்டென்சர்தான், கொயிலின் எஸ்டபிள்யூ முனையில். சிபி முனையில் போட்டால் பொறி பலவீனமாகி வண்டி திணறும்.

இவ்வளவும் செய்த பிறகும் எஞ்சின் நிற்கும்போதே ஒரு முணுமுணுப்புக் கேட்டால் டைனமோவைத் திட்டாதீர்கள். மலிவுப் போர்டில் புளூடூத் சிப்பும் அம்பும் ஒரே கரண்டைப் பகிர்வதால் வருவது அது. புளூடூத் சிப்புக்கு பி0505எஸ் என்ற சின்ன ஐசொலேற்றரால் தனியாக 5 வோல்ற் கொடுத்தால் நின்றுவிடும். நகத்தளவு சாமான். இந்தச் செற்றுக்கு நான் செலவழித்ததில் பிரயோசனமான காசு அதுதான்.

டைனமோச் சத்தம் மட்டும் முழுக்கப் போகவில்லை. டைனமோவின் பிரஷ் தேய்ந்து, அது உரசும் கொம்யூட்டேற்றர் கறுத்திருக்கும்வரை போகாது. முப்பது மைல் வேகத்தில் கேட்காது. ஒழுங்கைக்குள் இரண்டாம் கியரில் போகும்போது கேட்கும், எனக்கு மட்டும்தான் கேட்கிறதோ தெரியாது.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. நாற்பது மைலில் மைனருக்குள் வரும் இரைச்சல் தாழ்ந்த ஒலியைத் தின்றுவிடும், நடுவொலியைத் தொடாது. குரலும் நாதஸ்வரமும் தெளிவாக நிற்கும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் போட்டால் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்து அடி எஞ்சினோடு கரைந்து போகும், உயர்ந்த ஒலி தரும் வலந்தலைப் பக்கத்துச் சொற்கட்டு மட்டும் ஒவ்வொன்றாக எண்ணலாம்போல வரும். பெட்டிகளை இருபது பாகை அளவுக்கு மேல்நோக்கிச் சரித்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் பாட்டு முழங்காலுக்குத்தான். இந்தக் காலத்து பாஸ் பாட்டுகளுக்கு இது சரிவராது, பின்னுக்கு எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வைத்தாலும்.

பற்றரி இறங்கினால் எல்லோரும் செற்றைத்தான் பிழை சொல்கிறார்கள். சாதாரணச் சத்தத்தில் அது எடுப்பது ஒரு அம்பியர் அளவு. ஹெட்லைற் இரண்டும் ஏழெட்டு அம்பியர் எடுக்கும். லூகாஸ் சி40 டைனமோ ஓடும்போது 22 அம்பியர் வரை தரும், ஐட்லிங்கில் ஒன்றும் தராது. நல்லூர்த் திருவிழா இரவு நெரிசலில் சார்ஜ் இல்லை என்று காட்டும் சிவப்பு லைற் எரிய நிற்கும்போது எல்லாமே பற்றரியின் தலையில். அங்கே பாட்டை நிற்பாட்டுவதைவிட ஹெட்லைற்றைக் குறைத்து வைப்பதுதான் பிரயோசனம். பற்றரியிலிருந்து நேராக எடுத்த லைனுக்கு ஒரு சுவிட்ச் கட்டாயம், இல்லாவிட்டால் அம்ப் இரவு பகலாக விழித்திருக்கும்.

ஆக, பூட்டலாமா? வேண்டாம். கடையில் விற்கிற, தன் சொந்த பற்றரியில் ஓடும் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, அடியில் ரப்பர் பாய் போட்டுத் தட்டில் வையுங்கள். ஏர்த் இல்லை, கீச்சு இல்லை, பியூஸ் இல்லை. வெயிலில் காரை விட்டுப் போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போனால் சரி, லித்தியம் பற்றரி சூட்டில் ஊதிவிடும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அதுதான் புத்தி. ஆனால் என்னுடையதைக் கழற்றச் சொல்லவேண்டாம். டைனமோவுக்குப் புது பிரஷ் வாங்கி வைத்திருக்கிறேன்.