பழைய ஹார்ன்பி டப்ளோ எஞ்சினை டிஜிட்டலாக மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் நடக்கும் பொம்மை ரயில் சந்தைகளில் மேசை போட்டு, பழைய நீராவி எஞ்சின் மாதிரிகளைப் புதுப்பித்து டி.சி.சி. என்னும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறைக்கு மாற்றித் தருவதாகச் சொல்லும் ஒருவரைப் பற்றிய பதிவு இது. சட்டச் சிக்கல் வரும் என்பதால் பெயரைப் போடவில்லை. அவர் செய்த வேலையை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். நம் ஆட்களில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆனாலும் லெஸ்டரிலும் கவென்ட்ரியிலும் எனக்கே சிலரைத் தெரியும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது 'டச்சஸ் ஆஃப் மாண்ட்ரோஸ்' என்ற நீராவி எஞ்சினின் மாதிரி. லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ தொழிற்சாலையின் தயாரிப்பு. மெக்கானோவின் ஹார்ன்பி டப்ளோ பொம்மை ரயில் வரிசை 1938இல் தொடங்கியது. பிரிட்டிஷ் ரயில்வேயின் பச்சை நிறத்தில் இந்த மாண்ட்ரோஸ் வந்தது 1953இல். 46232 என்ற எண்ணோடு ஓடிய நிஜமான மாண்ட்ரோஸ் எப்போதோ பழைய இரும்பாகிப் போனது. வில்லியம் ஸ்டேனியர் வடிவமைத்த அந்த வகையில் கட்டிய 38 எஞ்சின்களில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று. அதனால்தான் கையில் தூக்கினால் கனக்கும் இந்த வார்ப்பு உலோகப் பொம்மைக்கு இங்கே இவ்வளவு மதிப்பு.

அந்தக் கால டப்ளோ ஓடுவது மூன்று தண்டவாளத்தில். எஞ்சினின் வயிற்றுக்கு அடியில் தொங்கும் உரசு தகடு நடுத் தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும். உலோகச் சட்டம் (சேசிஸ்) வழியாக, சக்கரங்கள் வழியாக அது வெளித் தண்டவாளங்களுக்குத் திரும்பும். 1959இல் இரண்டு தண்டவாள முறைக்கு அந்த நிறுவனம் மாறியபோது சக்கரங்களை ஒரு பக்கம் மின்காப்பு செய்து வார்க்க வேண்டியிருந்தது. பழைய மூன்று தண்டவாளச் சக்கரங்களில் காப்பு கிடையாது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

நான் கேட்டது சின்ன வேலை. என் வீட்டில் போட்டிருப்பது மூன்று தண்டவாளம்தான். டி.சி.சி.க்கு அது ஒரு தடையே இல்லை. டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும், கட்டளை அதற்குள்ளேயே கலந்து வரும், எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும். டீகோடரின் சிவப்புக் கம்பியை உரசு தகட்டில் கொடு, கறுப்பைச் சட்டத்தில் கொடு, ஆரஞ்சையும் சாம்பல் நிறத்தையும் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் இரண்டு கார்பன் பிரஷ்களுக்குக் கொடு. சக்கரத்தைத் தொடவே வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பழைய மோட்டாரில் ஒரு பிரஷ் சட்டத்தோடு நேராக இணைந்திருக்கும். அதைப் பிரித்துக் காப்பு செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாருக்குப் போக வேண்டிய கம்பியில் தண்டவாளத்து மின்சாரம் நேராக வந்து இறங்கி டீகோடர் கருகிவிடும்.

"மூன்று தண்டவாளமாகவே இருக்கட்டும், பெயிண்டைத் தொடாதீர்கள், கழற்றும் எதையும் திருப்பிக் கொடுங்கள்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். மின்னஞ்சலிலும் எழுதினேன். மனிதர் தேன் ஒழுகப் பேசினார். மொத்தம் 295 பவுண்டு என்றார். முன்பணம் 60 பவுண்டைக் கடன் அட்டையில் வாங்கிக்கொண்டார், மீதியை வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்.

திரும்பி வந்த எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது முதலில் பட்டது பளபளப்பு. ஸ்பிரே அடித்திருக்கிறார். கொதிகலனைச் சுற்றிய மெல்லிய ஆரஞ்சுக் கோடுகள் போய், அந்த இடத்தில் தடித்த புதுக் கோடுகள், அதுவும் ஒரு பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்து. ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் 46232 என்ற எண்ணில் 6இன் வால் பாதி உரிந்து நிற்கிறது. வார்ப்பில் இருந்த ரிவெட் புள்ளிகள் பெயிண்டுக்கு அடியில் மழுங்கிவிட்டன. எழுபது வருடப் பழைய அசல் பெயிண்ட் கீறலோடு இருந்தாலும் சேகரிப்பவர் அதற்குத்தான் பணம் கொடுப்பார். பூசி மெழுகிய உடனே பாதி விலை போய்விடுகிறது. கவிழ்த்துப் பார்த்தேன். உரசு தகடு இல்லை. ஓட்டும் சக்கரங்கள் ஆறும் புதியவை, இரண்டு தண்டவாளத்துக்கானவை. அதாவது என் வீட்டுத் தண்டவாளத்தில் அது ஓரடிகூட நகராது.

போன் செய்து கேட்டால், "சக்கரங்களில் மசாக் உளுப்பு இருந்தது, உடைந்து போயிருக்கும், நல்லதுக்குத்தான் மாற்றினேன்" என்கிறார். மசாக் என்பது துத்தநாகக் கலவை. அதில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள் அரித்து, உப்பி, மயிரிழை விரிசல் விட்டு, கடைசியில் பிஸ்கட்டாக உதிரும். போருக்கு முந்தைய டப்ளோக்களில் இந்தத் தொல்லை அதிகம். என் எஞ்சின் போருக்குப் பிந்தையது. சக்கரங்களை நான் கொடுக்கும் முன் நெருங்கிப் படம் எடுத்து வைத்திருந்தேன், ஒரு விரிசல் இல்லை. "சரி, உளுத்த சக்கரங்களையே கொடுங்கள்" என்றதும் குப்பையில் போட்டுவிட்டதாகக் கையை விரித்தார். அடுத்த சந்தையில் அவருடைய உதிரிபாகத் தட்டில் மூன்று தண்டவாள டச்சஸ் சக்கரங்களும் ஓர் உரசு தகடும் விலைச்சீட்டோடு கிடந்தன. என்னுடையவைதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னும் இருக்கிறது. இரண்டு தண்டவாளம் போட்டிருக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவர் முதலில் டீகோடரின் நினைவகத்தில் சி.வி. 8 என்ற பதிவைப் படித்தார். டீகோடரைச் செய்த நிறுவனத்தின் எண் பதிந்திருக்கும் இடம் அது. பில்லில் எழுதியிருந்தது சீமோ டீகோடர், அப்படியானால் 145 என்று வர வேண்டும். வந்தது 13. வீட்டில் தாங்களே செய்துகொள்ளும் டீகோடர்களுக்கு ஒதுக்கிய எண் அது. விலையுள்ள சரக்கின் பெயரை எழுதி, பெயர் தெரியாத எதையோ தலையில் கட்டியிருக்கிறார்.

அதையும் ஓட்டித்தான் பார்த்தோம். விட்டு விட்டு நகர்ந்தது, இரண்டாவது வளைவு தாண்டும் முன்பே கருகிய வாடை வந்து நின்றுவிட்டது. உடலைக் கழற்றினால், சட்டத்தோடு ஒட்டிய பிரஷ்ஷுக்குக் காப்பு என்று ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி விட்டிருக்கிறார். சூட்டில் பசை இளகி டேப் நழுவியிருக்கிறது. பிரஷ் மறுபடி சட்டத்தைத் தொட்டிருக்கிறது, டீகோடர் போயிற்று. அங்கே போட வேண்டியது சூடு தாங்கும் குழாய் உறை. போட்ட பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சட்டத்திலும் மறு முனையை ஒவ்வொரு பிரஷ்ஷிலும் வைத்துப் பார்த்தால் தொடர்பே காட்டக் கூடாது. ஒரு நிமிட வேலை.

சூடு ஏன் அவ்வளவு? "காந்தம் வலுவூட்டல்" என்று பில்லில் தனியாக 25 பவுண்டு போட்டிருந்தார். அல்னிகோ என்ற உலோகக் கலவையாலான பழைய காந்தத்தை மோட்டாரிலிருந்து கழற்றும்போது குறுக்கே ஓர் இரும்புத் துண்டு வைக்காமல் எடுத்தால் அது வலுவிழக்கும். காந்தம் நலிந்தால் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும், சூடாகும். சிறிய டீகோடர்கள் பலவும் ஒரு ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும். பழைய மோட்டாரை 12 வோல்ட்டில் ஓடவிட்டுச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்காமல் டீகோடர் போடுகிறவர் எதற்குத் தொழில் செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. வேறொரு பட்டறைக்காரர் அளந்து பார்த்துவிட்டு, காந்தம் வலுவூட்டப்பட்ட அறிகுறியே இல்லை என்று எழுத்தில் கொடுத்தார்.

பணம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. பிறகு 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், பிரிவு 75. விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருந்து, அதில் ஒரு பகுதியையாவது கடன் அட்டையில் கட்டியிருந்தால், முழுத் தொகைக்கும் அட்டை நிறுவனமும் பொறுப்பு. அந்த 60 பவுண்டுதான் என்னைக் காப்பாற்றியது. மின்னஞ்சல், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், சி.வி. 8 காட்டிய திரையின் படம், அந்தப் பட்டறைக்காரரின் அறிக்கை எல்லாவற்றையும் அனுப்பினேன். இழுத்தடித்துவிட்டு 295 பவுண்டையும் கொடுத்தார்கள். இப்போது அந்த மனிதர் சந்தையில் அட்டை வாங்குவதில்லையாம், ரொக்கம் மட்டும்தானாம். மேசையில் அப்படி ஒரு சீட்டைப் பார்த்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

போன பெயிண்ட் போனதுதான். சக்கரங்களுக்கும் உரசு தகட்டுக்கும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்று தண்டவாள டச்சஸின் அசல் உதிரிகள் யாரிடமாவது இருந்தால் விலையைச் சொல்லுங்கள். அந்தத் தட்டிலிருந்து வாங்கியவையாக இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், என்னிடம் படம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.