மட்ட அரிசி சவர்டோ: மெஷினா, ஓ.டி.ஜி.யா?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்குள் கோதுமை வராமல் நான்கு வருடம் ஆகிறது. மகளுக்கு சீலியாக் நோய், அதாவது கோதுமை போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய். மாத்திரையால் தீராது, ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடு ஒன்றுதான் வழி. கோதுமை, பார்லி, ரை எதுவும் கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பதால் அந்த டப்பாவைக்கூடப் படித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். இட்லி, ஆப்பம் எல்லாம் அவளுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் பிரெட் சாப்பிடும்போது இவளும் கேட்டாள். அதற்காகத்தான் சவர்டோவை, அதாவது கடை ஈஸ்ட் இல்லாமல் தானாகப் புளித்த மாவில் செய்யும் பிரெட்டை, பிரெட் மெஷினிலும் ஓ.டி.ஜி. என்கிற கரண்ட் அவனிலும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன்.

பிரெட்டை எழும்ப வைக்கும் புளித்த மாவான ஸ்டார்ட்டர் இரண்டுக்கும் ஒன்றுதான். மட்ட அரிசி (கேரளச் சிவப்பரிசி) மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்து, தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவு சேர்த்தால், ஒரு வாரத்தில் நுரைத்துக்கொண்டு எழும்பும். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள் ஊற்றி ஆப்ப மாவைப் புளிக்க வைப்பார்களே, அந்த மாதிரி ஈஸ்ட் வேலைதான் இதுவும். அரிசியை மாவு மில்லில் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், அதே மெஷினில் கோதுமையும் அரைக்கிறார்கள் என்பது மகளுக்கு வயிற்றுவலி வந்த பிறகுதான் உறைத்தது. இப்போது கழுவி, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறேன்.

ஒரு பிரெட்டுக்கு மட்ட அரிசி மாவு 200 கிராம், ராகி 100, மரவள்ளி ஸ்டார்ச் 100, ஸ்டார்ட்டர் 150, இசப்கோல் உமி 20, உப்பு 8, தண்ணீர் சுமார் 400 மில்லி. குளூட்டன் செய்யும் வேலையை இங்கே இசப்கோல் செய்கிறது. தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று ஆகி, காற்றைப் பிடித்து வைக்கிறது.

மெஷினுடைய பெரிய உபகாரமே பிசைவதுதான். இந்த மாவுக்கோ பிசைவதே வேண்டாம், கரண்டியால் கிளறினால் போதும். சாதாரண புரோகிராமில் வைத்தால் பாதியில் மறுபடி கிளறிவிடும். எழும்பிய காற்று போய்விடும், கோதுமை மாவைப் போல இது திரும்ப எழும்பாது. குளூட்டன் இல்லாத பிரெட்டுக்கென்று தனி புரோகிராம் இருந்தாலும் அது கடை ஈஸ்டுக்குக் கணக்குப் போட்டது. ஸ்டார்ட்டர் மெதுவாகத்தான் எழும்பும், அதற்குள் மெஷின் சூடேறிவிடும். அப்புறம் நான் கண்டுபிடித்த வழி இது: கலக்கியதும் நிறுத்தி, மாவைக் கிளறும் துடுப்பை எடுத்துவிட்டு, மாவு எழும்பும்வரை காத்திருந்து, 'பேக்' மட்டும் போடுவது. இப்படிச் செய்தால் உள்ளே நன்றாக வேகிறது, மேல்பக்கம் மட்டும் வெளுத்தே இருக்கும்.

ஓ.டி.ஜி.யில் அந்தக் குறை இல்லை. 220 டிகிரியில், மூடிய டின்னில் 20 நிமிடம். பிறகு மூடியை எடுத்து 200-இல் 40 நிமிடம். மேலோடு செம்பழுப்பாக, தட்டினால் டொக்கென்று கேட்கும். இன்னொன்று, எப்போது அடுப்பில் வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. பாலக்காட்டு மார்ச் வெயிலில் டிசம்பரில் ஆகும் நேரத்தில் பாதி போதும், தாண்டினால் புளித்து அமுங்கிவிடும். டின்னில் ஒன்றரை மடங்கு எழும்பியதும் உள்ளே தள்ளிவிடுவேன்.

கரண்ட் செலவு மெஷினில் குறைவு, வெயில் காலத்தில் சமையலறையும் அவ்வளவு கொதிக்காது. வீட்டில் மெஷின் இருக்கிறது, அதில் கோதுமை பிசைந்ததே இல்லை என்றால், தாராளமாக அதிலேயே செய்யுங்கள். கோதுமை பிசைந்த மெஷின் என்றால் சீலியாக் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். துடுப்பு சுழலும் இடுக்கில் ஒட்டிய மாவு எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போவதில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் ஓ.டி.ஜி.யே வாங்குங்கள்.

எதில் சுட்டாலும் சூட்டோடு வெட்டாதீர்கள், கத்தியில் பசை போல ஒட்டும். நான் ராத்திரி சுட்டு, கம்பித் தட்டில் ஆறவிட்டு, காலையில்தான் மகளின் டப்பாவுக்குத் துண்டு போடுகிறேன்.